பொய்க்கட்டு போட்ட விரல்

அன்பான பாஸ்டர் அண்ணா,

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனு எழுதும் நாளெல்லாம் என் விரலில் இருந்த கட்டு பொய். மீன் வெட்டுகிறவள் விரலில் துணி சுற்றியிருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? மூன்றாம் வகுப்போடு நின்ற என் கோழிக்கிறுக்கலைக் கலெக்டர் ஆபீசில் பார்க்க வேண்டாமே என்ற வெட்கம்தான்.

எல்லா மனுவும் ஒரே கையெழுத்தில் போனால், யாரோ ஒரு ஆள் கிளப்பிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். அவரவர் வீட்டுக்கு அவரவரே எழுத வேண்டும் என்பது உங்கள் சட்டம். எனக்கு மட்டும் நீங்களே எழுதித் தந்தீர்கள்.

ஒருமுறை, "என்ன மல்லிகா, எழுதுறது வலது கை, கட்டு இடது கையில இருக்கே?" என்றீர்கள்.

நான் விடுவேனா? "வலி அங்கங்க சுத்திகினு கீது பாஸ்டர்ண்ணா. உங்க ஜெபத்துக்கு பயந்து ஓடுது!"

எப்படிச் சிரித்தீர்கள்! தெரிந்தேதான் எழுதித் தந்தீர்களா?

இப்போது சிரிப்பு வரவில்லை அண்ணா. ராஜகீழ்ப்பாக்கத்தில், நம் ஏரிக்கரை வீடுகளில் மறுபடி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டுமாம். படப்பையைத் தாண்டி எங்கோ வீடு தருவார்களாம். அங்கிருந்து விடிவதற்குள் குரோம்பேட்டை மீன் கடைக்கு எப்படி வந்து சேருவேன்? மூச்சுத் திணறுகிற என் புருஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவேன்?

சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவனுக்காக முதன்முதலில் ரோட்டில் உட்கார்ந்தீர்கள். பிறகு குடிதண்ணீருக்கு, பிறகு எங்கள் வீட்டுக்கு. "இவர் சபைக்கு ஊழியரா, சேரிக்கா?" என்று உங்கள் சபையாரே முணுமுணுத்தார்கள். போன தடவை புல்டோசர் வந்தபோது வேதப் புத்தகத்தோடு எங்கள் ரேஷன் கார்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தீர்கள். இந்தத் தடவை?

புதிதாக வந்த பாஸ்டர் நல்ல பிள்ளை. "ஜெபம் பண்றேங்க்கா" என்றார்.

"பண்ணுங்க சார். புல்டோசருக்குக் காது கேக்குமா?" என்றேன். அவரைக் கிண்டல் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

உங்கள் ஆண்டவர் ஏன் இவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டுக்கொண்டார்? அங்கே யாருக்கு வீடில்லை?

நாளை திங்கள், மனு நாள். தெருவே எழுதி முடித்துவிட்டது. என்னுடையதை நானே எழுதுவேன், நானே வரிசையில் நின்று கொடுப்பேன். தள்ளினால் அடுத்த திங்களும் எழுதுவேன். கதவு இருக்கிறவரை எழுதுவேன். இது சத்தியம்.

இன்று காலை வஞ்சிரம் வெட்டும்போது கத்தி வலது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. மூன்று தையல். நடுவிரலில் பேனாவை இடுக்கித்தான் இதையே எழுதுகிறேன். பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா கட்டைப் பார்த்து, "பாஸ்டரே போய்ட்டாரு, இன்னும் யாருக்குடி காட்ற?" என்றார். நம்பட்டும் என்று பிரித்துக் காட்டினேன். மனுத்தாளில் ரத்தம் சொட்டிவிட்டது. வேறு தாள் வாங்க வேண்டும்.

ஞானஸ்நானம் வாங்காத உங்கள் தங்கை,
மல்லிகா