பள்ளத்தைக் கவனித்து நடக்கவும்

ஜூன் 4

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இடது மணிக்கட்டு மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருக்கிறது. எலும்பு டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். மடக்கினேன். வலி இல்லை. கதவு வரைக்கும் கூடவே வந்தவர் கொஞ்சம் தயங்கி, "எங்க வீட்டுப் பசங்க உங்க வீடியோவ திரும்பத் திரும்பப் பாக்குறாங்கம்மா" என்றார். சொல்லும்போதே சிரிப்பில் உதடு இழுத்துக்கொண்டது. நன்றி சொன்னேன். எதற்கு நன்றி? வாயில் வந்தது, சொன்னேன்.

ஜூன் 7

ஊருக்கே தெரிந்ததை நான் இன்னும் ஒருமுறைகூட எழுதவில்லை. செய்தியாகவே எழுதிவிடுகிறேன்.

ஏப்ரலில் பெய்த திடீர் மழை. கடைத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். டிவியில் நேரலை. குடை பிடித்தபடி நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம்: "பாதசாரிகள் சாலையில் பள்ளம் இருப்பதைக் கவனித்து நடக்குமாறு..." அடுத்த அடியில் நான் இல்லை. தண்ணீர் மேல் குடை மட்டும். அது மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. வீடியோ அங்கே முடிகிறது. பிறகு யார் யாரோ அதற்கு இசை சேர்த்தார்கள்.

இத்தனை வருட வேலையில் எந்தச் செய்தியும் இவ்வளவு பேரைச் சேரவில்லை.

இப்போது டெஸ்க்கில் இருக்கிறேன், திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுகிறேன். செய்தி ஆசிரியர் கூப்பிட்டுப் பேசினார். "அவசரமில்ல மேடம். மழைக்காலம் தொடங்குறதுக்குள்ள சொன்னா போதும். மறுபடி வெளிய போறீங்களா, டெஸ்க்லயே இருந்துடுறீங்களா? நீங்க வரலைன்னா உங்க இடத்துக்கு ஆள் பாக்கணும்."

சொல்கிறேன் என்றேன். இரண்டில் எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே போகப் பயமா? பயமும் இல்லை. எதுவுமே இல்லை. அதுதான் விஷயம்.

ஜூன் 8

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 15

தம்பி வந்தான். வடிவமைப்புக் கல்லூரியில் பாடம் நடத்துகிறான். வருடத்துக்கு ஒரு கண்காட்சி வைப்பான். நாங்கள் போய்ப் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வருவோம். இந்த வருடம் எதைப் பற்றி என்று கேட்டேன். அடுத்தவர் கஷ்டப்படும்போது நமக்கு வருகிற சந்தோஷத்தைப் பற்றியாம்.

"எல்லாருக்கும் வரும்க்கா. ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. அதான் மூஞ்சியவே படமா எடுத்துடலாம்னு."

ஓர் இருட்டறை, ஒரு ஸ்டூல், ஒரு சின்னத் திரை. ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரு வீடியோ பார்க்க வேண்டும். திரைக்குப் பின்னால் இருக்கும் கேமரா அவர் முகத்தை எடுக்கும். எடுக்கப்போவது அவருக்குத் தெரியும், எந்த நொடி என்பது மட்டும் தெரியாது. அந்த முகங்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவான்.

"என்ன வீடியோ?"

டீ கிளாஸை மேஜைமேல் சுற்றிக்கொண்டே இருந்தான். "நீ விழுந்ததுதான். உனக்கு இஷ்டமில்லன்னா வேணாம்க்கா."

"செய்."

"கோவமா?"

கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஆளில்லாத வீட்டில் அழைப்பு மணி அடித்த மாதிரி இருந்தது. "இல்லடா" என்றேன்.

ஜூன் 16

வீட்டுக்காரர் வெடித்தார். "கூடப் பொறந்தவன் செய்யற வேலையா இது? கடைக்கு வர்றவன் பூரா, மூக்குக்கண்ணாடி விக்கிறவர் வீட்டம்மாவுக்கே கண்ணு தெரியலையான்னு கேக்குறான். நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு பவர் பாத்து அனுப்புறேன். இப்ப இவன் வேற செவுத்துல மாட்டப் போறானா?"

"என் படத்த மாட்டலைங்க. பாத்துச் சிரிக்கிறவங்க படத்த."

"அது இன்னும் மோசம்."

அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம்.

ஜூலை 3

தம்பியின் மாணவர்களும் இதே விஷயத்தில் ஆளுக்கொன்று செய்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போய்ப் பார்த்தேன். ஓர் அறையின் நடுவே தனியாக ஒரு நாற்காலி. அதைச் சுற்றி வட்டமாக நல்ல நாற்காலிகள். பலகையில் எழுதியிருந்தது: "நடுவில் இருக்கும் நாற்காலியின் ஒரு கால் அறுக்கப்பட்டுள்ளது. விரும்புவோர் உட்காரலாம்."

நடு நாற்காலி காலி. சுற்றியிருந்தவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஆள். அந்த ஒன்றில் நான் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் கைப்பை. "யாராவது வருவாங்களா?" என்று கேட்டேன்.

"வருவாங்க, இருங்க. இப்பதான் ஒருத்தர் கிட்ட வரைக்கும் வந்துட்டு வேணாம்னு போயிட்டாரு. எனக்கு வீட்ல தலைக்கு மேல வேலை. இருந்தாலும் எழுந்திருக்க மனசு வரல."

பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்த... குடை..." ஆமாம் என்றேன். அவர் நடு நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

ஜூலை 19

முக்காலி இன்று என் மேஜைக்கு வந்து நின்றான். நான் விழுந்த அன்றைக்குக் கேமரா பிடித்தவன். கேமராவைத் தாங்கும் ஸ்டாண்டைப் போலவே கால்களை அகட்டி நிற்பதால் அந்தப் பெயர். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"அக்கா, உங்க தம்பி கூப்பிட்டாரு. போய் உக்காந்தேன். நானே எடுத்த ஷாட்டுதானே, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"சிரிச்சிட்டியா?"

"கண்ணுல தண்ணி வந்துடுச்சுக்கா. அந்தக் குடை சுத்துற எடத்துல."

அன்று தண்ணீருக்குள் குதித்து என்னை மேலே இழுத்தவன் இவன். ஆம்புலன்ஸ் வரை முதுகில் சுமந்தவனும் இவன்தான். வீடியோவில் அது இல்லை. கேமராவை வைத்துவிட்டுத்தானே குதித்தான்.

"படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"பல்லு மட்டும்தான்கா தெரியுது."

ஆகஸ்ட் 9

கண்காட்சி தொடங்கியது. வீட்டுக்காரர் வரவில்லை.

நீளமான கூடம். இருபுறமும் முகங்கள். என் வீடியோ எங்கேயும் இல்லை. உள்ளே வருகிறவர்களுக்கு முகங்கள் எதைப் பார்க்கின்றன என்று தெரியாது. இத்தனை சந்தோஷத்தைப் பார்த்து அவர்களும் சிரித்தபடியே நடக்கிறார்கள். கடைசிச் சுவரில்தான் ஒரே ஒரு வரி: "இவர்கள் ஒரு பெண் பள்ளத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." அங்கே வந்ததும் எல்லோருடைய சிரிப்பும் அணைகிறது. சிலருக்கு மட்டும் கூடுகிறது.

நல்ல வேலை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தெரிந்த முகங்களைக் குறித்துக்கொண்டே போனேன். முக்காலி. செய்தி ஆசிரியர், கையால் வாயைப் பொத்தியபடி. எங்கள் குடியிருப்பின் காவலாளி. ஒன்றும் தோன்றவில்லை. மூலையில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, தம்பி.

மற்ற முகங்களில் சிரிப்பு இருந்தது. இவன் முகத்தில் இருந்தது வேறு. சின்ன வயதில் பட்டம் விட்டு நூல் இழுக்கும்போது இருந்த முகம் அது.

"இது எப்ப எடுத்தது?"

"நீ விழுந்த அன்னைக்கே. யாரோ போன்ல அனுப்பினாங்க. பாத்தேன். கண்ணாடில என் மூஞ்சிய நானே பாத்துட்டு, மறந்துடக் கூடாதுன்னு உடனே எடுத்தேன். இந்த மொத்தக் கண்காட்சியும் அதுலேர்ந்து வந்ததுதான்க்கா."

"எனக்குப் போன் பண்ணி வலிக்குதான்னு கேட்டியே?"

"அது அப்புறம்."

"ஏண்டா?"

யாரோ வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள். பிறகு சொன்னான்: "நீ எங்கயுமே விழுந்ததில்லையேக்கா. எதுலயும்."

ஆகஸ்ட் 10

அழ வேண்டும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 11

அக்கா மாதிரி படி, அக்கா மாதிரி பேசு, அக்காவைப் பாரு. வீட்டில் சொன்னது நான் இல்லை. கேட்டுக்கொண்டு நின்றேனே, அது நான்தான். நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 24

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் செய்தித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கலைப் பக்கத்தில் தம்பியின் கண்காட்சி பற்றி விமர்சனம். அரைப் பக்கம். வெளிச்சம் சரியில்லை, அச்சுச் சரியில்லை, யோசனை அரைவேக்காடு என்று விமர்சகர் வரிசையாகப் போட்டுச் சாத்தியிருந்தார். விழுந்தவள் அவன் அக்கா என்பதையும் கண்டுபிடித்திருந்தார். கடைசி வரி: "ஓர் அக்கா தம்பி சண்டைக்கு இவ்வளவு பெரிய கூடம் தேவையில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. எதிர் மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். முக்காலி ஓடி வந்தான். "என்னக்கா ஆச்சு? நீங்க சிரிச்சுப் பாத்தே எத்தனை மாசமாச்சு!" பேப்பரைக் காட்டினேன். படித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்றான்.

ஆமாம், பாவம். இதை இன்னும் மூன்று ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ராப்பகலாக அலைந்தான். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் பாவம் என்பது எனக்கும் இரண்டாவதாகத்தான் வந்தது.

ஆகஸ்ட் 25

நேரில் போனேன். கூடத்தில் ஆள் இல்லை. தம்பி இருட்டறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், சவரம்கூடச் செய்யாமல்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"நல்லா எழுதியிருக்கான்."

நிமிர்ந்தான். "சிரிக்கிறியா நீ?"

"எழுந்திரு. கேமரா வேலை செய்யுதா? அந்த விமர்சனத்தத் திரையில போடு."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவனே பொத்தானை அழுத்தினான். வெளிச்சம் தகராறு செய்தது. வெளியே அவன் எதையோ தட்டித் திட்டுவது கேட்டது. கடைசி வரிக்கு நான் வருவதற்குள்ளேயே வேலை முடிந்திருந்தது.

படத்தைக் கணினியில் பெரிதாக்கினான். இருவரும் பார்த்தோம். இடது பக்க உதடு மேலே ஏறி, ஒரு கோணல் பல் தெரிகிறது. அவன் படத்திலும் அதே பக்கம், அதே பல்.

"அசிங்கமா இருக்கோம்" என்றேன்.

"ரெண்டு பேரும்" என்றான்.

செப்டம்பர் 2

கண்காட்சி முடிகிறவரை என் படம் அவன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியதாம். நேற்று வீட்டுக்காரர் எனக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறார். "உன் மூஞ்சி நல்லா இருந்துச்சு" என்றார்.

செப்டம்பர் 11

செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். வெளியே போகிறேன் என்று. பயம். எதுவுமே இல்லாமல் இருந்ததற்கு இது மேல்.

அக்டோபர் 6

முதல் மழை. அதே கடைத்தெரு, புதுக் குடை. முக்காலி, "அக்கா, என்ன ஆனாலும் இந்தத் தடவை கட் பண்ணிடுவேன்" என்றான். பண்ணாதே என்றேன். ஒவ்வோர் அடிக்கும் குனிந்து பார்த்துக்கொண்டு, பள்ளத்தைப் பற்றிய அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தேன்.

முடிந்ததும் தம்பி போன் பண்ணினான். நேரலையில் பார்த்தானாம்.

"விழலையே நீ" என்றான்.

"ஏமாத்தமா?"

கொஞ்சம் யோசித்தான்.

"லேசா" என்றான்.