ஒருநாள் விட்டு ஒருநாள்

ராயபுரம்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் நவ்ரீனுக்கு,

என் சலாம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று இன்று பஜ்ர் தொழுகைக்குப் பிறகும் கேட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். அசலை ஸ்பீட் போஸ்டில் சேர்ப்பேன். படம் அவசரத்துக்கு, காகிதம் மரியாதைக்கு. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் குரல் பதிவு நேற்று மதியம் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். "அம்மா, ஒரு நாளாவது மாத்திரைய விட்டிருக்கீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விட்டிருந்தா எல்லாமே மாறிடும்" என்று சொல்லியிருக்கிறாய். ஆமாம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். போனைக் கையில் எடுத்தேன். எந்தச் சொல் சரி என்று தெரியவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் கேள்வியை முடிப்பதற்குள் எழுந்து நின்றவள் நான். இப்போது பதில் தெரியாமல் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

முதலில் எனக்குப் புரிந்த அளவை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து. போன வருஷம் எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் திருமலை சொன்ன அன்று, நீதான் போனில் விளக்கினாய். எலும்புக்குள் ரத்தம் உண்டாகும் இடத்தில் இரண்டு மரபணுத் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன, அதிலிருந்து இருக்கக்கூடாத ஒரு புரதம் உண்டாகிறது, அது அணைக்க முடியாத அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருப்பதால் வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன என்றாய். புரதத்தில் ஒரு குழி இருக்கிறது, மாத்திரை அதில் போய் உட்கார்ந்தால் அடுப்பு அணையும் என்றாய். அதே புரதத்தைத்தான் டப்ளினில் நீ இத்தனை வருஷமாக ஆராய்கிறாய் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. எங்கோ கேள்விப்பட்ட உறவுக்காரர் திடீரென்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்படித் தோன்றியது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மாத்திரையில் அணு எண்ணிக்கை நன்றாகத்தான் இறங்கியது. இந்தத் தடவை ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது. டாக்டர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் எதை ஒழுங்கில்லாமல் செய்திருக்கிறேன் என்று திருப்பிக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டு, அப்படியானால் புரதம் உருவம் மாறியிருக்கலாம், குழிக்குள் மருந்து உட்கார முடியவில்லை போலிருக்கிறது, மருந்தை மாற்ற வேண்டிவரும், புது மருந்து என் வயதில் இருதயத்துக்குக் கொஞ்சம் சிரமம் என்றார்.

பயந்துபோய் உனக்குச் சொன்னேன். உன் குரலில் சந்தோஷம் இருந்தது, நவ்ரீன். உடனே அடக்கிக்கொண்டாய், ஆனால் இருந்தது. "இப்படி மாறுற ஒண்ணைத்தாம்மா நான் பத்து வருஷமா தேடறேன்" என்றாய். நீயே வந்து ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோவதாகவும், ஆய்வகமே டிக்கெட் எடுத்துத் தருவதாகவும் சொன்னாய். உன் அத்தா இறந்து நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் போனவள் நீ. ஆறு வருஷமாக, அடுத்த லீவுக்கு அடுத்த லீவுக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் நோய் ஏறியதால் நீ வருகிறாய். நான் சந்தோஷப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா? அன்று சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்கவில்லை.

மருந்துக் கடை ரஷீது பாயிடம், என் மகள் தேடிக்கொண்டிருந்தது என் உடம்பிலேயே இருக்கிறது என்று சொன்னேன். அவர் கடையில் நின்ற எல்லோருக்கும் சொன்னார். ஒருவர் எனக்கு முபாரக் என்று வாழ்த்துக்கூடச் சொன்னார். ரத்தப் புற்றுநோய்க்கு முபாரக் வாங்கிய பெண் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

மீன்காரப் பச்சையம்மாவை உனக்கு நினைவிருக்கும். காசிமேட்டிலிருந்து கூடையோடு வருவாள், உன்னைப் பார்த்தால் வஞ்சிரத்தில் நடுத்துண்டு எடுத்து வைப்பாள். அவள் மகள் சௌமியாவுக்கும் இதே நோய், இதே மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஆனால் மாதாமாதம் நோயாளியே நேரில் போய் நிற்க வேண்டும். தை மாதத்தில் அவளை முகத்துவாரக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை விமலுக்கு விஷயம் தெரியும், தெரிந்துதான் கட்டினான். அவன் அம்மாவுக்குத்தான் தெரியாது. புது மருமகள் மாதத்தில் ஒரு நாள் காலையில் போய்ச் சாயங்காலம் வந்தால் எங்கே போனாய் என்று கேள்வி வராதா? அதனால் போகவில்லை.

பச்சையம்மா ஒரு நாள் மீனை எடைபோட்டுவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "பாயம்மா, பொண்ணு வாயத் தொறக்காம கீறா. மாத்திரை தீந்து போச்சு. மாமியாகாரிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வூட்டுக்குத் துரத்திடுவா. உன்கிட்ட கீற அதே மாத்திரதான் அதுவும். கொஞ்ச நாளிக்கு நீ குட்த்தா, அதுக்குள்ள நான் எதனா வழி பண்ணிக்கறேன்" என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ரஷீது பாயிடம் இரண்டு பங்கு கேட்டிருக்கலாம் என்பாய். மருந்துச் சீட்டில் எனக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு மாத்திரை நான் கேட்டதில்லை. அவர் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டேன். ஆனால் எனக்கென்று வாங்கியது என்னுடையது, அதில் பங்கு கொடுக்கலாம் என்று நினைத்தேன். என் எண்ணிக்கை அப்போது இறங்கியும் இருந்தது. பிரஷர் இறங்கியபோது டாக்டரே பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கவில்லையா? ஆகவே ஒருநாள் எனக்கு, ஒருநாள் சௌமியாவுக்கு. பச்சையம்மா சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போவாள். என் முறை நாளில் நான் ஒரு தடவையும் தவறவில்லை. டாக்டரிடம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொன்னபோது பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. நீ கேட்ட பிறகுதான் அது வேறு மாதிரித் தெரிந்தது.

சோற்றைப் பங்கு வைத்தால் இரண்டு பேருக்கும் அரை வயிறாவது நிறையும். மருந்து அப்படி இல்லையாமே? நேற்று ரஷீது பாயிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். ஒரு நாள் விட்டால் அது அன்று முழுக்க எரியும், பாயம்மா என்றார். அப்படியானால் என் உடம்பிலும் எரிந்தது, அந்தப் பெண் உடம்பிலும் எரிந்தது. நான் அவளைக் காப்பாற்றினேனா, கெடுத்தேனா? சொல்லு. இதை உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

சாயங்காலமே பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து முகத்துவாரக்குப்பம் போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன, போய்ச் சேர்வதற்குள் எதைச் சொல்வது என்று நாலு விதமாக யோசித்து நாலையும் விட்டேன். மாமியார் பெயர் சிவந்தி. வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். தான் மீன் போடும் வீட்டுப் பாயம்மா என்று பச்சையம்மா என்னைக் காட்டினாள். எனக்கு ரத்தத்தில் வியாதி, மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆளில்லை, உன் மருமகளை அனுப்புவாயா என்று கேட்டேன். என் கையை யாரும் பிடிக்க நான் விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இம்மாந்தூரம் ஆட்டோ ஏறி வரத் தெரியுது, ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கத் தெரியாதா?" என்றாள்.

பிறகு, "உனுக்குப் பொண்ணு இல்லியா?" என்று கேட்டாள். இருக்கிறாள், வெளியூரில் இருக்கிறாள் என்றேன். "கூட்டிகினு போ. சாயங்காலம் பத்திரமா வுட்டுடு" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைப் பார்க்கத் திரும்பினாள். உள்ளே சௌமியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். அல்லது எனக்கு அப்படித் தெரிந்ததா, அதுவும் நிச்சயமில்லை.

செவ்வாய்க்கிழமை அவளோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவளுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்வேன். அடுத்த நாள் டாக்டர் திருமலையிடம் இதையெல்லாம் சொல்வேன். மருந்தை மாற்றுவதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டும். நேற்று முதல் என் மாத்திரை தினமும் எனக்கே. பச்சையம்மாவிடம் இனி பங்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமிருந்தும் கையை உருவிக்கொண்டேன். ஏன் உருவினேன் என்று தெரியவில்லை.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: விட்டிருக்கிறேன். மாதக்கணக்கில், ஒருநாள் விட்டு ஒருநாள். என் புரதம் எந்த உருவமும் மாறியிருக்காது. மருந்து வராத நாளில் அது எரிந்தது, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ பத்து வருஷமாகத் தேடியது என்னிடம் இருக்க வாய்ப்பில்லை. மற்றவர்களைப் போன்ற சாதாரண நோயாளியின் ரத்தம்தான் என்னுடையதும். உன் புரொஃபசரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாய் என்றாயே, அவரிடம் இதையும் சொல்லிவிடு. ஆய்வகம் டிக்கெட் கொடுத்தது அந்தப் புரதத்துக்காக. அது இல்லையென்று தெரிந்த பிறகு அந்த டிக்கெட்டில் வருவது முறையல்ல. உன்னை நான் அப்படி வளர்க்கவில்லை.

நேற்று இரண்டு சொல்லில் எதைச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன் என்றேனே, அது பொய். தெரியும். சொன்னால் நீ வரமாட்டாய் என்பதும் தெரியும். அதனால்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

உன் வேலையில் அல்லாஹ் உனக்குக் கண்ணும் பொறுமையும் தரட்டும். நீ தேடுவது யாராவது முன்பின் தெரியாதவரின் ரத்தத்தில் கிடைக்கட்டும், அவரும் அதனால் பிழைத்துக்கொள்ளட்டும். இனி உன் சொந்தச் செலவில், சொந்த லீவில் வருவதா வேண்டாமா என்பது உன் யோசனை. நான் கேட்கவில்லை. வராவிட்டால் மட்டும் எழுது. வருவதானால் எழுத வேண்டாம்.

என்றும் உன் துஆவில் இருக்க விரும்பும்
அம்மா,
காத்தூன் பீவி