அப்பாவின் குழிக்குக் கல் வேண்டாம்

பெர்மாஸ் ஜெயா,
அக்டோபர் 12

அன்புள்ள அட்ரியன்,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் ஸ்டெஃபனியும் சுகம்தான். பெர்த்தில் குளிர் விட்டிருக்கும், அதோடு உன் இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே இந்த வருடமும் மழை தள்ளிப்போய்விட்டது, வீட்டுக்குள் இருக்கவே முடியாத புழுக்கம். உன் தங்கை ஸ்டெஃபனி சிங்கப்பூர் வேலை முடிந்து எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று வருகிறாள், வந்தால் சாப்பிட்டதும் படுத்துவிடுகிறாள்.

நவம்பர் கல்லறைத் திருநாளுக்குள் அப்பாவுக்குக் கருங்கல் கட்டச் சொல்லியிருந்தாய். கட்டப்போவதில்லை, கோபப்படாமல் முழுவதும் படி. போன ஞாயிறு பொந்தியான் பக்கம் தோட்டத்துக் கல்லறைக்குப் போனோம். அப்பா குழி மறுபடியும் இறங்கியிருக்கிறது, சிலுவையும் சாய்ந்துவிட்டது. வழக்கம்போலத் திருநாளுக்கு முன் எல்லோரும் லாரியில் செம்மண் கொண்டுவந்து குழிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள், நாமும் வருடாவருடம் அதைத்தானே செய்தோம். ஆனால் அடியில் இருப்பது மலாயில் தானா கம்புட் என்கிற சதுப்பு மண், பாதி மக்கிய மரமும் வேரும்தான் அங்கே மண். தண்ணீரில் ஊறிக் கிடக்கும்வரை ஆயிரக்கணக்கான வருடக் கரியை அது தனக்குள்ளேயே வைத்திருக்கும். கல்லறை ஓரத்து வடிகால் வாய்க்கால் வழியாகவோ வெயிலிலோ தண்ணீர் இறங்கிக் காற்றுப் பட்டால் நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும், சூடு ஏற ஏற வேகமாகத் தின்னும், தின்றது வாயுவாக மேலே போய் இன்னும் சூட்டைக் கூட்டும். தரை அப்படித்தான் தேய்கிறது. அதன்மேல் செம்மண் பாரம் வேறு. இதில் வாய்க்காலின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று மண்ணியல் படித்த என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை. கருங்கல்லை வைத்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும் என்பது மட்டும் நிச்சயம்.

குழிகளில் தண்ணீர் நிற்காமலிருக்கக் கல்லறைக் கமிட்டி வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்டப்போகிறதாம். வெட்டாதீர்கள், அடைத்துத் தண்ணீரை நிறுத்துங்கள் என்று அன்று அங்கேயே சொன்னேன். அப்பாவோடு வேலை செய்த கிரகோரி அங்கிள், நீ படிச்சவ, சரி தங்கச்சி, ஆனா உங்க வீட்டுக்காரரு தண்ணியில மெதந்தா பரவாயில்லயா என்றார். கமிட்டியில் இருக்கும் பேட்ரிசியா அக்கா மற்றவர்களைப் பார்த்து, உயிரோட இருக்கறவங்கள பாத்தா போதாதா, மண்ணுக்கும் வைத்தியம் பாக்க வந்துட்டா லா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடைத்தால் பெட்டிகள் தண்ணீரில் கிடக்கும், வெட்டினால் தரையே போகும். அங்கிள் சொன்னதிலும் தப்பில்லை.

அதனால் பாதரிடம் பேசிவிட்டேன். திருநாள் முடிந்த சனிக்கிழமை, வாய்க்கால் வெட்ட ஆள் வருவதற்கு முன், குழியைத் திறந்து அப்பாவின் எலும்புகளை எடுத்து எரித்து, சாம்பலைக் கோவில் மாடத்தில் வைக்கலாம் என்றிருக்கிறேன். தன் அண்ணன் பக்கத்தில்தான் கிடக்க வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டது எனக்கு நினைவில்லாமல் இல்லை. பெரியப்பா குடும்பம் அவரை எடுக்கச் சம்மதிக்கவில்லை, அவர் அங்கேயே இருப்பார். அப்பாவைத் தனியாகத்தான் கொண்டுவர வேண்டும். ஸ்டெஃபனி சரி என்றாள், சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

வேண்டாம் என்றால் இப்போதே சொல், நிறுத்திவிடுகிறேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. முடிந்தால் வா, குழியைத் திறக்கும்போது மகன் பக்கத்தில் இருப்பது நல்லது. இருமல் மருந்தைப் பாதியில் விடாதே. ஆண்டவர் உன்னைக் காத்து நடத்துவாராக.

அன்புடன்,
அம்மா