ஏழுமலையின் வலைக்கு ஓதினேன்

என் மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரியவரே,

கபருக்குள் அடங்கியிருக்கும் உங்களுக்கு என் ஸலாம். உங்கள் பக்கத்தில் என்னை அடக்க விட்டுவைத்த இடத்தை ஜமாத்தில் தரமாட்டார்களாம். நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நம் வாசலில் நின்று அதைச் சொன்னவன் வேறு யாருமில்லை, உங்கள் தம்பி மகன் சலீம்தான்.

காரணம், ஏழுமலையின் புது வலை. கோட்டைக்குப்பத்தில் யார் வலை முடித்தாலும் தண்ணீரில் இறக்கும் முன் நம் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். வலை நிறைய அல்லாஹ்விடம் கேட்டு நீங்கள் ஃபாத்திஹா ஓதிச் சர்க்கரை கொடுப்பீர்கள். நீங்கள் போன பிறகு நான் ஓதுகிறேன். துபாயிலிருந்து வந்ததிலிருந்து சலீம் இதை ஷிர்க் என்கிறான். அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறேனாம், நான்!

இந்த முறை ஏழுமலை வெறுங்கையோடு வந்தான்.

"வலைய எடுத்தாரல பாயம்மா. உனக்கு இன்னாத்துக்கு வம்பு? எங்காளுங்களும் 'அந்த வூட்டுக்கு ஏன்டா போறே'னு கேக்கறானுங்க."

"பயமா இருந்தா கடலுக்குப் போகாதே, கோழி வளர்த்துப் பொழைச்சுக்கோ. உங்கப்பன் வலைக்கு ஓதின வீடு இது. போய் எடுத்துட்டு வா."

சிரித்துக்கொண்டே போனான். பள்ளிவாசலிலிருந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில்தான் வலையை வைக்கச் சொன்னேன். மறைத்துச் செய்ய இது என்ன கள்ளச்சரக்கா?

ஓதி முடிக்கவும் சலீம் வந்து நின்றான்.

"பெரிம்மா, இன்னா வேலை இது?"

"வலையையா கும்பிட்டேன்? யார்கிட்ட கேட்டேன், சொல்லு."

"அல்லாகிட்டதான். ஆனா..."

"ஆனா?"

குரல்தான் ஏறியது. "நாளைக்கு நீ மவுத்தானா ஜமாத்துல ஒருத்தரும் தோள் குடுக்க மாட்டோம். பெரியப்பா பக்கத்துல இடமும் கெடையாது."

"ஜனாஸா தொழுது அடக்கறது ஊர்மேல கடமைடா. தொழாம விட்டா மறுமையில கேள்வி உங்களுக்குத்தான், மையத்தாப் போனவளுக்கு இல்ல. இதையும் படிச்சுட்டு வா."

"தோளு நாங்க குடுக்கறோம் பாயம்மா" என்றான் ஏழுமலை.

"நீ சும்மா இரு. நான் இன்னும் சாகல."

சலீம் சர்க்கரை வாங்காமலே போய்விட்டான். உங்கள் மடியில் உட்கார்ந்து இதே சர்க்கரைக்கு அடம்பிடித்தவன். யாரிடம் எதைக் கற்றுக்கொண்டு வந்தான்?

கான்வென்டில் படித்த காலத்தில் தினமும் காலை ஜெபத்தில் உதட்டை மூடி நின்று, அல்லாஹ் ஒருவனே என்று மனசுக்குள் கலிமா சொன்னவள் நான். அங்கே அசையாத நம்பிக்கை, என் ஈமான், ஒரு வலையாலா அசையும்?

பயமே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த இடம் எனக்கு வேண்டும். ஆனால் கெஞ்சி வாங்கிய இடத்தில் வந்து படுத்தால் நீங்கள் என் பக்கம் திரும்புவீர்களா?

ஏழுமலையின் தம்பியும் வலை முடிக்கிறானாம். அதையும் வெள்ளிக்கிழமையே, ஜும்ஆ கலையும் நேரத்துக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நாக்கு அசையும்வரை நம் வாசலுக்கு வரும் வலைக்கு ஓதுவேன். இது என் வாக்கு. அவர்கள் என்னை எங்கே அடக்கினாலும் சரி, அங்கிருந்து உங்களுக்கு ஸலாம் வரும்.

கெஞ்சத் தெரியாத உங்கள் மனைவி,
மைமூனா