உன் வீட்டு முன்னறையில் அருள்சாமி

ரிங்லெட்,
வியாழக்கிழமை மாலை.

என் தங்கம் குமுதாவுக்கு அக்கா உமாதேவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே ஜொகூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் கல்யாணப் பெண் புவனேசும் நலமாக இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும்.

கைபேசி இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பேசினால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. எழுதினால் முழுசாகச் சொல்லி முடிக்கலாம். திரிங்காப்பிலிருந்து ஜொகூருக்குக் காய்கறி ஏற்றிப் போகும் இருளப்பன் லோரியில் கொடுத்தனுப்புகிறேன். விடியும்போது உன் வாசலுக்கே வந்து கொடுப்பான். ஒரு டீ போட்டுக் கொடு, பாவம், ராத்திரியெல்லாம் ஓட்டி வருகிற பிள்ளை.

முதலில் கல்யாண விஷயம். கோயில் ஐயரைப் பார்த்தேன். தை மாதம் நீ சொன்ன முகூர்த்தமே நல்லது என்றார். ஜாக்கெட் தைக்கிற இராசம்மாவிடம் புவனேஸ் அளவு கொடுத்தாயிற்று. மழை மட்டும் வேலையைக் கெடுக்கிறது. அணைப் பக்கம் ரோட்டில் மறுபடியும் மண் சரிந்து ஒரு பக்கமாகத்தான் வண்டி போகிறது.

இனி இங்கே ரிங்லெட்டில் இருக்கும் உன் வீட்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. வாடகைக்கு இருக்கிற அருள்சாமியை ஆஸ்பத்திரியில் கைவிட்டு அனுப்பினால் என் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அங்கே உயிர் போனால் தையில் என் மகளுக்கு அந்த வாசலில் எப்படிப் பந்தக்கால் நடுவது என்று கேட்டாய். நீ ஜொகூருக்குப் போன நாளிலிருந்து அந்த வீட்டை என் பொறுப்பில் விட்டிருக்கிறாய். அதனால் அருள்சாமியின் மனைவி, அந்த வேதக்காரப் பெண் பெட்டியிடம் இதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். நல்ல வேலை கொடுத்தாய் போ!

அவர்கள் கேட்காவிட்டால் பூட்டை மாற்று, தண்ணீரை அடை என்றும் சொன்னாய். யாரடி உனக்கு இந்தப் புத்தி சொல்லிக் கொடுத்தது? உங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். செய்யட்டும், கோர்ட்டுக்குப் போய் நிற்கட்டும். ஸ்டாம்பு அடித்த ஒப்பந்தம் டிசம்பர் வரைக்கும் இருக்கிறது. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரைப் பூட்டி வெளியே நிறுத்தினால் கம்பி எண்ணாவிட்டாலும் வக்கீல் வீட்டு வாசலை எண்ண வேண்டிவரும். நானும் மாடி அறைகளை வாடகைக்கு விட்டுப் பழகினவள்தான். ஆள் குடி வரும்போது ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வைத்துக்கொள். கரண்டு பில்லை அவர்கள் பேரிலேயே மாற்றிவிடு. சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டாதே. சுவரில் பூஞ்சணம் பிடித்தால் குடியிருப்பவரைத் திட்டாதே, நம் மலைக் குளிருக்குக் காற்றுப் போக வழி வைக்காதது கட்டினவன் தப்பு. மழைக்கு முன்னால் கூரைத் தண்ணீர் வடியும் பீலியில் அடைத்த இலையை அள்ள வேண்டியது வீட்டுக்காரர் வேலை. உன் வீட்டில் அதை வருஷா வருஷம் அருள்சாமிதான் ஏணி வைத்து ஏறிச் செய்தார். உனக்கு அது தெரியாது, நீ கேட்டதும் இல்லை.

அடுத்த ஒப்பந்தத்தில் பிணம் வைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாய். அதை எப்படி எழுதுவது? குடியிருப்பவர் சாவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்னால் தெரிவிக்க வேண்டும் என்றா? உன் அத்தான் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்புறம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நம் அப்பா எங்கே செத்தார் என்று யோசித்துப் பார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். அது நமக்குச் சொந்தமா? கம்பெனி வீடு. வேலையிலிருந்து நின்றுவிட்டார், வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆளும் வந்துவிட்டுப் போயாயிற்று. அப்படியிருந்தும் அப்பாவை அந்த வாசலில்தான் கிடத்தினோம். கணக்கு எழுதுகிற கிராணி வந்து மாலை போட்டார். துரை லோரி அனுப்பினார். வெளியே கொண்டுபோ என்று ஒருவர் சொல்லவில்லை. நமக்கு அப்புறம் அந்த வீட்டுக்குச் சிவசாமி குடும்பம் வந்தது. வெள்ளையடித்தார்கள், பால் காய்ச்சினார்கள், மூன்று பிள்ளை பெற்று வளர்த்தார்கள். எந்த லயத்து வீட்டில் சாவு விழவில்லை, சொல்லு? அங்கேயே பந்தக்கால் நட்டு எத்தனை கல்யாணம் பார்த்தோம். நமக்கென்று ஒரு வீடும் பட்டாவும் வந்த பிறகுதான் இந்தப் பயம் பிடித்திருக்கிறது. எனக்கும்தான். நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. மாடி அறைக்கு யாராவது வயசானவர் வந்து கேட்டால் எனக்கும் மனசு கூசும்.

அதனால்தான் திங்கட்கிழமை நீ சொன்னதைச் சொல்லிவிடலாம் என்றே கிளம்பிப் போனேன். வழியெல்லாம் வார்த்தையைத் தேடிக்கொண்டே போனேன். பெட்டி கதவைத் திறந்தாள். முன்னறையில் சாமான்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாங்களே புரிந்துகொண்டோம் அக்கா, வீட்டில் கல்யாணம் வருகிறது, உங்களுக்குச் சங்கடம் கொடுக்க மாட்டோம் என்றாள். அவரை ஈப்போ ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாளாம். முடிந்த பிறகு நேராகச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றாள். அவரோ வீட்டுக்குப் போகணும் என்று பிள்ளை மாதிரி அழுகிறாராம்.

அப்புறம் ஒன்று கேட்டாள். குமுதா, நான் செத்தாலும் அது மறக்காது. சர்ச்சுக்குப் போகிற வழியில் வேனைக் கொஞ்ச நேரம் வீட்டு முன்னால் ரோட்டோரம் நிறுத்திக்கொள்ளலாமா அக்கா, உள்ளே கொண்டுவர மாட்டோம், கேட்டைக்கூடத் திறக்க மாட்டோம், ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்தான் லா என்றாள். மாசம் தவறாமல் வாடகை கட்டுகிறவள், தன் புருஷனை ரோட்டில் நிறுத்திக்கொள்ள என்னிடம் உத்தரவு கேட்கிறாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன். உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவாடி, கண்ணை மூடினாலும் இங்கிருந்தே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அட்டைப்பெட்டிகளை நானே பிரித்தேன். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நாம் ஜென்மத்துக்கும் முகம் பார்க்க முடியாமல் போயிருக்கும்.

நேற்று ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். உன் அத்தானும் ஒரு கை பிடித்தார். முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறோம். எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். பேச்சு மெல்லத்தான் வருகிறது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் யார் உத்தரவு கொடுத்தது, ஜொகூர் அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாமல் கொண்டுவந்திருந்தால் என்னைத் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். அந்த நிலையிலும் அந்தக் கவலை அவருக்கு.

என்ன சொல்வேன்? குமுதாதான் கொண்டுவரச் சொன்னாள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் இரண்டு கையையும் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பெட்டி பிடித்துக் குவித்துவிட்டாள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என்ன பேர் என்று கேட்டு, புவனேஸ் பேரைச் சொல்லி ஆண்டவரிடம் ஜெபம் பண்ணினார். அந்த அம்மாவிடம் நானே நன்றி சொல்லணும் என்றார். அவளே உங்களைக் கூப்பிடுவாள் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. எல்லாம் முடிந்த பிறகு சுவர் முழுக்க வெள்ளையடித்து, ஐயரை அழைத்துப் புண்ணியாகம் பண்ணி, பால் காய்ச்சித் தருகிறேன். பெட்டியும் டிசம்பரில் தன் தம்பி வீட்டுக்குக் கம்போங் ராஜாவுக்குப் போகிறேன் என்கிறாள். அப்படியும் உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் என் வாசலில் பந்தக்கால் நடலாம். புவனேஸ் எனக்கும் மகள்தானே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் திட்டுவதற்கு முன்னால் பெட்டியின் நம்பருக்குக் கூப்பிடு, கண்ணு. அதிக நாள் இல்லை என்று நர்சு சொல்லிவிட்டுப் போனாள். நான்தான் வரச் சொன்னேன், உங்கள் வீடுதான், நிம்மதியாகப் படுங்கள் என்று உன் வாயால் ஒரு வார்த்தை போதும். நேற்றிலிருந்து அந்த வீட்டில் போன் அடிக்கும்போதெல்லாம், ஜொகூர் அம்மாவா என்று கேட்கிறாராம்.

நீயும் உன் பிள்ளைகளும் நீடூழி வாழணும்.

உன் அக்கா
உமாதேவி