போர்வையின் மறுமுனை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஈ ஓட்டினோம். பொது அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, "மனம் திறந்து பேசுவோம்" என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, தேநீரும் போட்டு வைத்தோம். வந்தது நானும் ஒருங்கிணைப்பாளரும்தான். அவர் முன்பு விளையாட்டு ஆசிரியர். விசில் இன்னும் கழுத்தில் தொங்குவதால் கட்டடம் முழுக்க அவர் விசில் சார். "ஊதிக் கூப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். பிஸ்கட்டை நாங்களே தின்று தீர்த்தோம்.

சிரித்துக்கொண்டே எழுதினாலும் விஷயம் சிரிப்பில்லை. போன குளிர்காலத்தில் நான்காம் மாடியில் ஒருவர் இறந்து கிடந்தது பல நாள் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் திட்டம். ஒருவர் வெளியே வராவிட்டால் இன்னொருவர் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அது நடக்கிறதா என்று கூடவே இருந்து பார்த்துச் சொல்வது என் வேலை.

மார்ச் 6

அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"மதிப்பீடுன்னா என்னடி, பேப்பர் திருத்துற வேலையா?"

"இல்லம்மா. எழுதும்போதே பக்கத்துல உக்காந்து, இது சரியான கேள்விதானான்னு கேக்குற வேலை."

"எழுதுறவனுக்கு எரிச்சல் வராது?"

வருகிறது. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் இங்கே எனக்கு "ஏன் அக்கா" என்று பெயர் வைத்தாயிற்று. உள்ளேயே இருந்தால்தான் புரியும் என்று மூன்றாம் மாடியில் வீடு எடுத்துக் குடிவந்திருக்கிறேன். எதிர்வீட்டில் யார் என்று அம்மா கேட்டாள். தெரியாது. பேச்சை மாற்றினேன்.

மார்ச் 11

வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஏழாம் மாடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனி ஆள். சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கில் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. "கூட்டத்துக்கு ஏன் வர்றதில்லைங்க?" என்று கேட்டேன். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். "மறுத்தார்" என்று குறித்துக்கொண்டு எட்டாம் மாடிக்கு நடையைக் கட்டினேன்.

மார்ச் 14

துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போனேன். மூன்று மெஷினில் ஒன்றுதான் ஓடுகிறது. கூடைகளோடு வரிசையாக நிற்கிறார்கள், திட்டுகிறார்கள், யார் முதலில் வந்தது என்று மல்லுக்கு நிற்கிறார்கள். அப்படியே பேச்சு முட்டிவலிக்கும் மருமகனுக்கும் போய்விடுகிறது. ஐந்தாம் மாடி நர்ஸ் யாருக்கோ மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

மார்ச் 18

விசில் சார் இன்று ராஜநடை நடக்கிறார். நான் போய்க் கேட்ட வீடுகளில் எல்லாரும் சரிசெய்யக் கேட்டது மெஷினைத்தான். ஆள் வைத்துப் பழுது பார்த்துவிட்டார், மூன்றும் இப்போது ஜம்மென்று ஓடுகின்றன. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மார்ச் 25

கீழ்த்தளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வந்தவுடன் துணியைப் போடுகிறார்கள், போய்விடுகிறார்கள், திரும்பி வந்து அள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிடுகிறார்கள்.

ஐயோ, நாமளே கெடுத்துட்டோமே. கூட்டம் அங்கதான நடந்துட்டிருந்துச்சு. நாற்காலி போடாத, தேநீர் இல்லாத, நிஜமான கூட்டம். எனக்கு அது கண்ணுல பட்டுச்சு, வாயில வரல. எதுக்கு இருக்கேன் நான் இங்க?

மார்ச் 26

விசில் சாரிடம் சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஒரு ஸ்க்ரூவ மட்டும் கழட்டிடட்டுமா?" என்றார். பாவம், மனிதர் நிஜமாகவே கேட்டார்.

"வேணாம் சார். மெஷின் கெட்டதால அவங்க பேசல. கை வேலையா இருந்துச்சு, பக்கத்துல ஆள் இருந்துச்சு, அதான் பேசினாங்க. வேற எப்படி அது வரும்?"

"நீங்களே சொல்லுங்களேன், ஏன் அக்கா."

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று கீழ்த்தளத்தில் ஈரம் காய்ந்த என் போர்வையை மடிக்கத் திணறிக்கொண்டிருந்தேன். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இன்னொன்றைத் துழாவியபோது நர்ஸ் உள்ளே வந்தாள். "குடுங்கக்கா, இந்த முனைய நான் பிடிக்கறேன்." இருவரும் விலகிப் போனோம், நெருங்கி வந்தோம், மறுபடி விலகினோம். மடித்து முடிக்கும்போது அவளுக்கு இரவு வேலையால் தூக்கமே வராமல் போனது வரை எனக்குத் தெரியும்.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி விசில் சாரிடம் ஓடினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பொது அறையிலிருந்த நீள மேசை கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது. "மனம் திறந்து பேசுவோம்" தாளைக் கிழித்தாயிற்று. செவ்வாயும் வெள்ளியும் துணி மடிக்கும் நாள். கூட்டம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்பது என் உத்தரவு.

ஏப்ரல் 15

பஸ் டிரைவர் இறங்கி வந்தார், கையில் சுருட்டிய போர்வையோடு. நான்தான் மறுமுனையைப் பிடித்தேன்.

"அன்னிக்கு ஏன்மா ஓடிட்டே?"

"நீங்கதான கதவச் சாத்தினீங்க?"

"சாத்தாம சங்கிலிய எப்படி எடுக்கறது? எடுத்துட்டுத் திறந்து பாத்தா ஆளக் காணோம்."

நர்ஸ் சிரித்த சிரிப்பில் எனக்குக் கை தளர்ந்து போர்வை தரையில் விழுந்தது. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. இத்தனை பேர் "மறுத்தார்" என்று என் கையெழுத்தில் இருக்கிறார்களே, அதில் எத்தனை பேர் சங்கிலியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்?

மே 6

"ஒரு முனை பிடிக்கறீங்களா?" இப்போது லிஃப்டிலும் இதுதான் வணக்கம். வெறுங்கையோடு நிற்பவர்களும் கேட்கிறார்கள்.

மே 20, செவ்வாய்

வியாழனிலிருந்து காய்ச்சல். எழுந்து போனைச் சார்ஜில் போடக்கூடத் தெம்பில்லை. காலையில் நான்காம் மாடிக்காரர் நினைவுக்கு வந்தார். பயமாக இருந்தது.

மதியம் கதவு தட்டப்பட்டது. சங்கிலியோடு திறந்தேன். இடுக்கில் ஒரு கண்ணும் பாதி மீசையும். பின்னால் நர்ஸ், அவளுக்கும் பின்னால் மாடியேறி மூச்சு வாங்கும் விசில் சார்.

"வெள்ளிக்கிழமையும் காணோம், இன்னிக்கும் காணோம். ஒத்தையா போர்வைய வச்சுக்கிட்டு நிக்கறேன்," என்றார் டிரைவர். "ஏன்மா?"

கட்டடம் முழுக்க நான் கேட்டுத் திரிந்த கேள்வி. பதில் சொல்லப் போய் அழுகைதான் வந்தது.

சங்கிலியை எடுப்பதற்காகக் கதவைச் சாத்தினேன். அவர் போய்விடவில்லை.