புரட்டித் தைத்த காலர்

மார்ச் 3

எழுதப் போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. மாடி அறைத் தையல்காரம்மா என்னிடம் காட்டும் அன்பு, அவருடைய நேர்காணலுக்காக.
2. நேர்காணல் முடிந்தால் அன்பும் முடியும்.
3. இந்த வயதில் ஒருவன் இதையெல்லாம் எழுதக் கூடாது.

மூன்றாவதை எழுதும்போதே மீறிவிட்டேன்.

இருவருமே அகதிகள். எனக்குத் தங்க அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது; நிவாரண அலுவலகத்தில் மொழிபெயர்க்கிறேன். அவர் இந்த ஊரில் தங்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்பது இருபதாம் தேதி நேர்காணலைப் பொறுத்தது. அவர் சொல்வதை அதிகாரியிடம் சொல்லப்போகிறவன் நான். இப்போது பார்த்து, நைந்துபோன என் சட்டைக் காலரைப் பிரித்து, புரட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறார். நான் கேட்கவில்லை. ஏன்?

மார்ச் 7

அலுவலக ஓட்டுநர் காலரைத் தொட்டுப் பார்த்தார். "என்ன ஐயா, புது மாப்பிள்ளை மாதிரி! நேர்காணல் வரைக்கும்தான் இந்தக் கவனிப்பெல்லாம். என்னையும் ஒருத்தர் அண்ணே அண்ணேன்னு சுத்தி வந்தாரு. காரியம் முடிஞ்சதும் என்னைப் பாத்தா எதிர்ப்பக்கம் போறாரு."

சிரித்து வைத்தேன்.

மார்ச் 11

தையல்காரம்மா படியில் நிறுத்திக் கேட்டார்: "நான் உளறிட்டா, நீங்க கொஞ்சம் சரி பண்ணிச் சொல்லுவீங்களா ஐயா?"

ஆக, இதற்குத்தான்.

"நீங்க சொன்னதை மட்டும்தான் சொல்லுவேன்."

"அப்பாடா" என்றார்.

அப்பாடாவா? நிம்மதியா, குத்தலா?

மார்ச் 12

காலரைத் திருப்பிப் பார்த்தேன். தையல் நேராகத்தான் இருக்கிறது.

மார்ச் 18

அவர் நேர்காணலுக்கு நான் இல்லை. மாற்றச் சொன்னதே அவர்தானாம். எனக்குப் பதிலாக வருகிறவர் பத்து வாக்கியத்தை இரண்டாகச் சுருக்குகிறவர். அது தையல்காரம்மாவுக்கும் தெரியும். வளைந்துகொடுக்காதவன் எதற்கு என்று கழற்றிவிட்டார் போல. போகட்டும், எனக்கென்ன — எனக்கென்ன எனக்கென்னன்னு எத்தனை தடவைதான் சொல்லிக்கிறது?

மார்ச் 20

போகக் கூடாதென்று இருந்தேன். போய், அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பாதியை முழுங்கிட்டாரு உங்க ஆளு. முடிவு வர மாசமாகுமாம்."

"அப்புறம் ஏம்மா என்னை வேண்டாம்னீங்க?"

"சொந்தக்காரங்க மொழிபெயர்க்கக் கூடாதாமே. 'அவர் உங்களுக்கு உறவா?'ன்னு போன வாரம் பதிவு பண்ணப் போனப்ப அதிகாரியம்மா கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல."

காலரைச் சரிசெய்துகொண்டேன். அது சரியாகத்தான் இருந்தது.

"என்ன உறவுன்னு சொன்னீங்க?"

"அவரைக் கேட்டுத்தான் சொல்லணும்னேன்."

"வேலைக்கு நேரமாச்சு" என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மொழி தெரிந்து என்ன பயன்? நாளை காலை மாடிக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

மார்ச் 3 பட்டியலில் முதல் வரி தவறு.